பள்ளி பேண்டு பிள்ளைகளுக்கு எந்த ஜாஸ் பாட்டில் தொடங்கலாம்?

மதுரையில் பள்ளி பேண்டில் டிரம்பெட், சாக்ஸ் வாசிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்விங், ப்ளூஸ் என்ற ஜாஸ் வகைகளில் எளிய பாட்டு எது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் 12 பார் ப்ளூஸ் (12 தாளச் சுற்று கொண்ட பாட்டமைப்பு), அதுவும் பி ஃப்ளாட் சுருதியில் எடுங்கள். மூன்றே கார்டுதான் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டம்), டிரம்பெட்டுக்கு எழுதும் தாளில் பி ஃப்ளாட் சி ஆகிவிடும், ஆல்டோ சாக்ஸுக்கு ஜி, இரண்டுமே கைக்கு எளிது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டனின் ‘சி ஜாம் ப்ளூஸ்’ மெட்டில் இரண்டே சுரம், அதை பி ஃப்ளாட்டுக்கு மாற்றிக் கொடுங்கள். மெட்டு பிடிபட்டதும் ஒவ்வொருவராகச் சொந்தமாக 12 பார் வாசிக்கட்டும், மூன்று சுரம் போதும்.

ஸ்விங்கைத் தாளில் எழுதி விளக்க வேண்டாம். நம்மூர்த் திருவிழா மேளத்தில் திஸ்ர நடை (ஒரு அடியை மூன்றாகப் பிரிப்பது) கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தானே, ‘தகிட’ சொல்லச் சொல்லி நடுவில் இருக்கும் ‘கி’யை விழுங்கச் சொன்னால், நீளமும் குட்டையுமாக ஒரு ஜோடி வரும், அதுதான் ஸ்விங். சிக்கல் டிரம்மரிடம்தான்: அணிவகுப்புப் பழக்கத்தில் நாலடியில் 1, 3-இல் அழுத்துவார், ஆனால் ஹை-ஹாட் (காலால் மிதித்து மூடும் ஜோடித் தட்டு) 2, 4-இல் விழவேண்டும்.

அப்புறம் வேகம், நிமிடத்துக்கு 110–120 அடி. ரொம்ப மெதுவான ஸ்விங்கில் பெரியவர்களே தடுமாறுவார்கள். டிரம்பெட் மேலே ஏறிக்கொண்டே போகும் பாட்டா? ஒதுக்கிவிடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு உதடு தாங்காது.