அந்த அக்கா ஏன் கேட்கவில்லை?

கேள்வி: நான் ப்ளஸ் ஒன் படிக்கிறேன். பள்ளிக்கு வெளியே ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப ஆசை. கீபோர்டு இரண்டு மாதம், சிலம்பம் ஆறு வாரம், மொபைலில் ஜப்பானிய மொழி 19 நாள். எதுவும் நிலைக்கவில்லை. கல்லூரியில் படிக்கும் பார்வையில்லாத ஒரு அக்காவுக்கு வரலாற்றுப் புத்தகம் வாசித்துப் பதிவு செய்து தந்தேன். 11 பாடத்தில் 4 முடிந்தது, குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) வகுப்பு ஆரம்பித்ததால் அது அப்படியே நிற்கிறது, அவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்து, தேர்வில் பார்வையில்லாதவர்கள் சொல்லச் சொல்ல எழுதித்தரும் ‘ஸ்கிரைப்’ வேலைக்குப் பெயர் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். “ஊருக்கு உழைத்தது போதும், புத்தகத்தை எடு” என்கிறார் அம்மா. எதிலும் என் மனம் ஒட்டாதது ஏன்? எனக்குக் கவனக்குறைபாடா?
– ஒரு மாணவி, கும்பகோணம்

பதில்: கவனக்குறைபாடா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர், பத்திரிகைக்காரர்கள் சொல்லக்கூடாது. கீபோர்டை விட்டது, சிலம்பத்தை விட்டது பற்றி எனக்கு ஒன்றுமில்லை. சொந்தமாக வாங்கிய கீபோர்டு என்றால் விற்று அப்பாவிடம் பணத்தைக் கொடு. இனி எதையும் முதல் மூன்று மாதம் இரவலிலோ வாடகையிலோ பழகிவிட்டு வாங்கு. அந்த விஷயம் அவ்வளவுதான்.

“அவரும் ஒன்றும் கேட்கவில்லை” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். ஏன் கேட்கவில்லை என்று ஒரு நாளாவது யோசித்தாயா? மிச்சம் 7 பாடம் தானாக அவர் காதுக்குப் போய்விட்டதா? வருகிற பேருந்து எது, பலகையில் எழுதியிருப்பது என்ன, இந்த நோட்டு எத்தனை ரூபாய் என்று பல நேரம் யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கிறவர், எதைக் கேட்பது, எதை விழுங்குவது என்று அளந்துதான் வாய் திறப்பார். காசு வாங்காமல் செய்கிற பள்ளிக்கூடப் பெண்ணிடம் “மீதி எங்கேம்மா?” என்று அவரால் கேட்க முடியாது. கடன் கொடுத்தவராக இருந்தால் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ தொடங்காமலே இருந்திருந்தால் அவர் வேறு ஆள் தேடியிருப்பார். நீ இருக்கிறாய் என்று நம்பித் தேடாமல் விட்டிருந்தால், உன் பாதி உதவி அவருக்கு முழு நஷ்டம். கீபோர்டும் இதுவும் ஒரே பட்டியலில் எப்படி வந்தன? கீபோர்டுக்குப் பரீட்சை கிடையாது.

‘இப்போதெல்லாம் போனே வாசித்துவிடுமே’ என்று யாராவது உனக்குச் சமாதானம் சொல்வார்கள். வாசிக்கும்தான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்ல ஆண்ட்ராய்டில் டாக்பேக் இருக்கிறது, கணினிக்கு என்விடிஏ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோடில் உள்ள தமிழை இரண்டும் வாசிக்கும். ஆனால் பழைய பாடநூல்களின் பிடிஎஃப் பலவும் வெறும் புகைப்படங்கள், அல்லது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று தெரிவது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அதைத்தான் அது வாசிக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் காலையும் ரகரத்தையும் குழப்பும். வரைபடத்தில் எது எங்கே இருக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதனால்தான் அவருக்கு உன் குரல் தேவைப்பட்டது. பார்வையில்லாதவர் படிப்பதற்காக இப்படிப் பதிவு செய்து தருவதைக் காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தமே அனுமதிக்கிறது. அதையே யூடியூபில் எல்லோருக்கும் ஏற்றினால் அது வேறு கதை.

சரி, கணக்குப் போடுவோம். பாடத்துக்குச் சுமார் 14 பக்கம் என்றால் 7 பாடத்துக்கு 98. நிதானமாக வாசித்தால் பக்கத்துக்கு 3 நிமிடம். மொத்தம் 5 மணி நேரம்கூட வராது. நாளைக்கு 20 நிமிடம் பதிவு, அதற்கு முன் 20 நிமிடம் மனதுக்குள் வாசித்துப் பார்த்தல். 15 மாலைகளில் முடிந்துவிடும்.

20 நிமிடம் என்று சொல்வதற்குக் காரணம் மின்விசிறி. அதை நிறுத்தாமல் பதிவு செய்தால் குரலுக்கு அடியில் ‘உர்ர்’ என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதை இரண்டு மணி நேரம் கேட்டுப் படிக்கிறவருக்குத் தலைவலிதான் மிஞ்சும். கும்பகோணத்து வெயிலில் விசிறி இல்லாமல் அதற்கு மேல் உட்கார முடியாது. வெறும் சுவர் உள்ள கூடத்தில் உட்காராதே, எதிரொலிக்கும். மெத்தை, தலையணை, துணிமணி நிறைந்த அறைதான் நல்லது. போனை விமானப் பயன்முறையில் போடு. அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். மேசைமேல் மடித்த துண்டை வைத்து அதன்மேல் போனை வை. வாய்க்கு ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் பகரம் வரும்போதெல்லாம் காற்று மோதி வெடிக்கும். முதல் அரை நிமிடத்தைப் பதிவு செய்து இயர்போனில் கேட்ட பிறகே மேலே போ.

ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் நூலின் பெயர், பாடத்தின் எண், தலைப்பு, பக்கம். பக்கம் புரளும்போதெல்லாம் “பக்கம் 83” என்று சொல். வகுப்பில் பேராசிரியர் 83-ஆம் பக்கம் என்றால் அவரும் அங்கே போகவேண்டாமா? பெட்டிச் செய்தி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதையும் சொல். ஐரோப்பியப் பெயர் முதல்முறை வரும்போது ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்.

பெரும்பாலோர் சொதப்புவது அட்டவணையில். கர்நாடகப் போர்கள் பற்றி ஓர் அட்டவணை இருக்கிறது என்று வை. முதலில் “மூன்று பத்தி, மூன்று வரிசை. பத்திகள்: போர், உடன்படிக்கை, ஆண்டு” என்று அமைப்பைச் சொல். பிறகு, “முதல் வரிசை. போர்: முதலாம் கர்நாடகப் போர். உடன்படிக்கை: ஐ-லா-சபேல். ஆண்டு: 1748.” ஒவ்வொரு வரிசையிலும் பத்தியின் பெயர் திரும்ப வரவேண்டும். மேலிருந்து கீழாக மூன்று போரையும் சொல்லி, பிறகு மூன்று உடன்படிக்கையையும் சொன்னால், பாரிஸ் உடன்படிக்கையும் 1763-ம் எந்தப் போருக்கு என்று கேட்கிறவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். வரைபடம் வந்தால், திசை சொல்லி எது எங்கே இருக்கிறது என்று மூன்று நான்கு வரியில் சொல். “படத்தில் காண்க” என்று வாசித்துவிட்டு நகர்ந்துவிடாதே. எரிச்சலூட்டுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

தடுமாறினால் பதிவை நிறுத்தாதே. ஒருமுறை கைதட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசி. பதிவை வெட்டி ஒட்டும் செயலியில் தெரியும் ஒலி வரைவில் கைதட்டல் முள்ளாக நிற்கும். பிறகு தேடி வெட்டுவது சுலபம். இழுத்து இழுத்து வாசிக்க வேண்டியதில்லை, வேகத்தை அவரே கூட்டிக் குறைத்துக்கொள்வார். நடிப்பும் வேண்டாம், பின்னணி இசையும் வேண்டாம்.

வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினால் பெயர் வைக்க முடியாது, நூறு செய்திக்கு அடியில் புதைந்துவிடும். பாடம், பக்கம் தெரியும்படி பெயரிட்டு, ஆவணமாக அனுப்பு. எண்ணை 05, 06 என்று இரண்டு இலக்கமாகவே போடு. இல்லாவிட்டால் சில இடங்களில் 10-ஆம் பாடம் 2-க்கு முன்னால் போய் நிற்கும். ஒற்றைத் தடத்தில் (மோனோ), 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும். ஒரு மணி நேரம் 30 எம்பி-க்குள் அடங்கும்.

ஸ்கிரைப் வேலைக்கு இப்போது போகாதே. மத்திய அரசின் நெறிமுறைப்படி, ஸ்கிரைப் வைத்து எழுதும் பார்வையில்லாதவர்களுக்கு மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் தரவேண்டும். மூன்று மணித் தேர்வு நான்கு மணி நேரமாகும். அவ்வளவு நேரம் உட்கார்ந்து அவர் சொன்னதை மட்டும், சொன்னபடி எழுத வேண்டும். அன்று காலையில் உனக்கு வேறு ஏதாவது வகுப்பு ஆரம்பித்துவிட்டால் ஒருவருடைய ஒரு வருடம் போய்விடும். 11-ஆம் பாடத்தை அனுப்பிய மறுநாள் பெயர் கொடு.

இனி இது உன் அம்மாவுக்கு. ஊருக்கு உழைத்தது போதும் என்கிறீர்களே, இவள் உங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் அந்தப் பெண்ணிடம் சரி என்று சொன்னாள். பிள்ளை கொடுத்த வாக்கு வீட்டின் வாக்கு. திருமண மொய்யைக் கணக்கு வைத்துத் திருப்புகிற நமக்கு இது தெரியாததல்ல. 15 நாள் மாலை ஏழிலிருந்து ஏழு இருபது வரை மிக்ஸி ஓடக்கூடாது, தொலைக்காட்சி கூடாது, குக்கர் விசில் கூடாது. உங்கள் பங்கு அவ்வளவுதான். ப்ளஸ் ஒன் பாடத்தைப் படிக்க இரவு மிச்சம் இருக்கிறது.

இன்றைக்கே அந்த அக்காவைக் கூப்பிடு. செய்தியாகத் தட்டாதே, பேசு. “நிறுத்தியது என் தப்பு அக்கா” என்று ஒரு வரி சொல், காரணம் சொல்லாதே. குரோஷே அவருக்கு எதற்கு? தேர்வு எந்தத் தேதி, எந்தப் பாடம் முதலில் வேண்டும், வேறு யாராவது வாசித்துத் தந்தது எது என்று கேள். அவர் சொல்லும் வரிசையில் வாசி, புத்தகத்தின் வரிசையில் வேண்டாம். 5-ஆம் பாடம் பாதியில் நிற்கிறதென்றால் பழைய கோப்போடு ஒட்டாதே. மாதக்கணக்கில் இடைவெளி விழுந்தால் குரலும் அறையும் மாறியிருக்கும், நடுவில் காதில் இடறும். முதல் பக்கத்திலிருந்து வாசி.