காலுக்குப் போன ரத்தம் எப்படி மேலேறி இதயத்துக்குத் திரும்புகிறது?

உடலெங்கும் போன ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்தான் சிரை. தலை, கைகளிலிருந்து வருவது மேற்பெருஞ்சிரையிலும், வயிறு, கால்களிலிருந்து வருவது கீழ்ப்பெருஞ்சிரையிலும் சேர்ந்து இதயத்தின் வலது மேலறைக்குள் போகும். தலையிலிருந்து இறங்குவது சுலபம். காலிலிருந்து ஏறுவதுதான் பெரும்பாடு, ஏனென்றால் இதயம் தள்ளிய வேகம் அதற்குள் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அங்கே கெண்டைக்கால் தசைதான் பம்பு. நடக்கும்போது அது இறுகிச் சிரையைப் பிழிய ரத்தம் மேலே போகும், போனது திரும்ப இறங்காமல் உள்ளே சின்னச் சின்ன வால்வுகள் மூடிக்கொள்ளும், கிணற்று மோட்டார் குழாயின் அடியில் ஃபுட் வால்வு தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறதே, அதே வேலை. மணிக்கணக்கில் நின்று வேலை பார்ப்பவர்கள் அவ்வப்போது குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், தயவுசெய்து. அப்புறம், தோல் வழியாக நீலமாகத் தெரிந்தாலும் சிரையில் ஓடுவது நீல ரத்தம் இல்லை, அடர்சிவப்பு ரத்தம்தான்.