கேபிள் முனைத் தொப்பி கழன்று வந்தால் பசை போட்டு ஒட்டலாமா?

கேள்வி: பழைய கியர் ஸ்கூட்டருக்குக் கிளட்ச் கேபிள் மாற்றினேன். நீளமாக இருந்ததால் அவுட்டரை, அதாவது கேபிளின் வெளி உறையை, கொஞ்சம் வெட்டினேன். அதன் நுனியில் போடும் தொப்பி இப்போது கழன்று கழன்று வருகிறது. பசை போட்டு ஒட்டிவிடலாமா?

பசை வேண்டாம். கோளாறு பெரும்பாலும் தொப்பியில் இருக்காது, நீங்கள் வெட்டிய வாயில்தான் இருக்கும்.

லீவரைப் பிடிக்கும்போது உள்ளே ஓடுகிற கம்பியான இன்னர் எவ்வளவு இழுபடுகிறதோ, அவ்வளவு பாரம் அவுட்டரை எதிர்ப்பக்கம் நெட்டுகிறது. அதைத் தாங்குவது மேலே தெரிகிற பிளாஸ்டிக் தோல் இல்லை, அதற்குள் சுருளாகச் சுற்றியிருக்கும் எஃகுக் கம்பி. பசை போய் ஒட்டுவதோ அந்தத் தோலில். வெட்டு சாய்வாக இருந்தால் சுருளின் ஒரு முனை மட்டும் தொப்பியின் அடியில் குத்தும். நாலு தடவை கிளட்ச் பிடித்ததும் தொப்பி கோணிக்கொள்ளும். எனக்குக் குமுளியில்தான் வேலை. லோயர்கேம்ப்பில் இருந்து மேலே ஏறி வருகிற வண்டிகள் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கிளட்ச் பிடித்தாக வேண்டும். அரைகுறையாகப் போட்ட தொப்பி அந்த ஏற்றத்திலேயே வேலையைக் காட்டிவிடும்.

எனவே இன்னரை முழுதாக உருவிவிட்டு அவுட்டரைத் திரும்ப வெட்டுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, இழுபடாத நீளத்தை வைத்துக்கொண்ட பிறகு வெட்டுங்கள். சாதாரண கட்டிங் பிளேயர் சுருளை நசுக்கிவிடும். கூரான கேபிள் கட்டர் அல்லது கிரைண்டர் நல்லது. அப்புறம் அரத்தால் நுனியைச் சமமாக்குங்கள். உள்பக்கம் மடங்கிய கம்பித் துண்டு இருந்தால் கிள்ளி எடுங்கள், விட்டால் இன்னரை அறுக்கும். வெட்டும்போது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயின் வாயும் மூடிக்கொள்ளும். ஏலக்காய் மூட்டை தைக்கிற கோணூசி இங்கே எந்த வீட்டிலும் கிடைக்கும். அதை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் வாய் திறந்துவிடும்.

தொப்பி அடிவரை போய் முட்ட வேண்டும். கடையில் வாங்கும்போது அவுட்டர் துண்டைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். தலைகீழாக ஆட்டினால் விழுகிறதே என்று கவலைப்பட வேண்டாம், கேபிளின் தளர்வைச் சரிசெய்யும் திருகான அட்ஜஸ்டரில் உட்கார்ந்து பாரம் ஏறினால் தானாக நிற்கும். இரும்புத் தொப்பியாக இருந்தால் விளிம்பில் லேசாக ஒரு அமுக்கு அமுக்கலாம், பிளாஸ்டிக்கை அமுக்கினால் வெடித்துவிடும்.

மாட்டியதும் அட்ஜஸ்ட் செய்யாதீர்கள். லீவரை நன்றாக அழுத்தி அழுத்தி விடுங்கள். தொப்பிகள் உட்கார உட்காரக் கேபிள் தளரும். அந்தத் தளர்வை எடுத்துவிட்டு, லீவர் அடியில் 2 மில்லிமீட்டர் போல ஆட்டம் விட்டு அட்ஜஸ்டரின் லாக் நட்டை இறுக்குங்கள்.

இன்னர் நுனியில் போடும் சின்ன அலுமினியத் தொப்பி வேறு சமாச்சாரம். அதற்குப் பாரமே கிடையாது, கம்பியின் இழைகள் பிரி பிரியாகக் கலையாமல் இருக்கவும் விரலில் குத்தாமல் இருக்கவும்தான் அது. இன்னரின் நுனியைத் திருகில் இறுக்கும்போது திருகின் அடிப்பக்கத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கம்பி முறுக்கிக்கொள்ளும். பிறகு இரண்டு விரல் அகலம் விட்டு வெட்டி, தொப்பியை மாட்டி இரண்டு இடத்தில் அமுக்கினால் போதும். கிடைக்கவில்லையா, பழைய சைக்கிள் போக்ஸ் கம்பியின் நிப்பிளைப் போட்டு நசுக்குங்கள், அதே வேலை செய்யும். வெட்டுவதற்கு முன்பே அந்த இடத்தில் ஈயம் பற்றவைத்துவிட்டால் பிரியவே பிரியாது. ஸ்டெயின்லெஸ் கம்பியில் மட்டும் சாதாரண ஈயம் ஒட்டாது.

திருகு கடித்த இடத்திலேயே ஒன்றிரண்டு பிரி அறுந்திருந்தால் எந்தத் தொப்பியும் காப்பாற்றாது. இன்னரையே மாற்றிவிடுங்கள்.