லினக்ஸ் மின்ட் போட்ட லெப்டொப்பில் யூ.எஸ்.பி மவுஸ் அடிக்கடி நின்றுவிடுகிறது. புது மவுஸ் வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டாம். நான் வாங்கி ஏமாந்தவன்.

செருகியதும் அம்புக்குறி நன்றாக ஓடுகிறது, கையை எடுத்து ஒரு பந்தி வாசித்துவிட்டுத் திரும்பினால் அசைய மாட்டேன் என்கிறது, பட்டனை அழுத்தினால் மறுபடி உயிர் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். கெட்டுப்போன மவுஸ் பட்டனை அழுத்தியதும் எழுந்து வராது. உங்கள் மவுஸ் கெடவில்லை, தூங்குகிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீடு தலவாக்கலைப் பக்கம், தோட்டத்துக்குள். காற்றும் மழையும் சேர்ந்தால் எங்காவது ஒரு மரம் வயரில் விழும், கரண்ட் போகும், எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. என்னிடம் இருப்பதோ பழைய லெப்டொப், பேட்டரி ஒன்றரை மணித்தியாலம் தாங்கினால் பெரிய விஷயம். அதனால் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பவர்டாப் (powertop) என்ற மென்பொருளைப் போட்டு, எல்லா மிச்சப்படுத்தும் அமைப்புகளையும் தானாகவே போட்டுவிடும் அதன் ஆட்டோ-டியூன் ஒவ்வொரு முறையும் லெப்டொப் திறக்கும்போதே ஓடும்படி செய்து வைத்தேன். செய்ததை மறந்தும் போனேன்.

டச்பேட் மக்கர் பண்ணத் தொடங்கியதும் ஒரு மவுஸ் வாங்கினேன். உங்களுடைய கதையேதான். பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய்க் கடையில் காட்டினேன். கடைக்கார அண்ணன் தன் விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி ஓட்டிக் காட்டி, "மவுஸ்ல ஒரு பிழையும் இல்ல தம்பி" என்றார். நான் விடாமல் வேறொன்று வாங்கி வந்தேன். அதுவும் அப்படியே.

அன்று இரவு லைட்டை அணைத்துவிட்டு இருந்தபோதுதான் கவனித்தேன். மவுஸின் அடியிலிருந்து மேசையில் விழும் சிவப்பு வெளிச்சம், கையை எடுத்த இரண்டாவது நொடி அணைந்தது. கிளிக் செய்தால் எரிந்தது. இந்த இரண்டு நொடி தற்செயல் இல்லை. சும்மா இருக்கும் யூ.எஸ்.பி சாதனத்தைத் தூங்க வைக்க, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வழக்கமாக வைத்திருக்கும் கெடு அது. பொதுவாகக் கெர்னல் மவுஸைத் தானாகத் தொடாது, யாராவது சொன்னால்தான் செய்யும். என் லெப்டொப்பில் சொன்னது பவர்டாப்.

சரி, செய்ய வேண்டியது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், நிர்வாகி அனுமதி தரும் சூடோவோடு (sudo powertop) பவர்டாப்பைத் திறந்து, டேப் விசையை அழுத்தி 'டியூனபிள்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். மவுஸின் பெயர் இருக்கும் வரியில் 'குட்' என்று இருக்கும். என்டர் தட்டினால் 'பேட்' ஆகும். பயப்படாதீர்கள், மின்சாரத்தை மிச்சப்படுத்தாத பிள்ளை என்றுதான் அர்த்தம். மவுஸ் ஒழுங்காக வேலை செய்ய அது கெட்ட பிள்ளையாக இருக்க வேண்டும்!

ஆனால் அணைத்துத் திறந்தால் ஆட்டோ-டியூன் மறுபடி 'குட்' ஆக்கிவிடும். நான் அந்தத் தானியங்கி வேலையையே எடுத்துவிட்டு, மின்சாரம் மிச்சப்படுத்தும் இன்னொரு மென்பொருளான டி.எல்.பி-க்கு (TLP) மாறிவிட்டேன். அது மவுஸ், கீபோர்ட் போன்றவற்றைத் தானாகவே தூங்க வைக்காமல் விட்டுவிடும். இரண்டையும் ஒன்றாக ஓட்டாதீர்கள், ஒன்று செய்ததை மற்றது மாற்றும்.

நீங்கள் பவர்டாப் போட்டதே இல்லையா? அப்படியென்றால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டி.எம்.இ.எஸ்.ஜி கட்டளையைச் சூடோவோடு (sudo dmesg -w) ஓடவிட்டுக்கொண்டு மவுஸைக் கழற்றிச் செருகிப் பாருங்கள். புது வரிகள் வரும். அதில் 'லோ-ஸ்பீட்' என்று வந்தால் அது குறையில்லை, மவுஸுக்கு நொடிக்கு 1.5 மெகாபிட் தாராளம். 'டிஸ்கனெக்ட்' என்று நீங்கள் கழற்றாமலே வந்தால் கேபிளையோ செருகும் துவாரத்தையோ சந்தேகப்படுங்கள்.

வயர் இல்லாத மவுஸ் என்றால் இன்னொன்று. நீல நிற யூ.எஸ்.பி 3 துவாரத்தில் பக்கத்திலேயே பென் டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ ஓடும்போது அம்புக்குறி விக்கி விக்கி ஓடும். யூ.எஸ்.பி 3 கிளப்பும் இரைச்சல் வயர் இல்லாத மவுஸ் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுவதுதான் காரணம். மவுஸோடு வரும் சின்ன யூ.எஸ்.பி ரிசீவரை மற்றப் பக்கத் துவாரத்துக்கு மாற்றினால் போதும்.

முதல் மவுஸ் இப்போது அக்கா மகளிடம் இருக்கிறது, ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.