சோளகக் காலத்தில் எந்தக் கரைக்குப் போவது?

கேள்வி: ஜேர்மனியிலிருந்து அண்ணாவின் குடும்பம் ஓகஸ்ட் விடுமுறைக்கு வருகிறது. கடலில் குளிக்க வேண்டும், கரையில் பிடித்த மீனை அன்றே சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள். என் கணவர் மன்னாருக்குப் போகலாம் என்கிறார். எனக்கு முல்லைத்தீவு விருப்பம். ஆனால் 2009இல் அந்தக் கரையிலிருந்து எங்களோடு வந்த அம்மா, "அங்கே போய் விருந்தா?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறார். பத்துப் பேர் செலவு கைமீறாமல் இரண்டு நாள் போய்வர வழி சொல்லுங்கள். ஜேர்மனிக்குத் திரும்பும்போது கருவாடு கொண்டுபோகலாமா என்று அண்ணியும் கேட்கிறார்.
– வாசகி ஒருவர், வவுனியா

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவருக்கும் உங்களுக்கும் இடையிலான வழக்கைக் காற்றே தீர்த்துவைக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் மன்னார்க் கரையை நேராக அறைவதால், ஓகஸ்டில் அங்கே கடல் கலங்கிக் கிடக்கும், மணல் முகத்தில் அடிக்கும். மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி மின்நிலையத்தை நிறுவியதும் இந்தக் காற்றை நம்பித்தான். அதே காற்று வன்னி நிலத்தைக் கடந்து வரும்போது காய்ந்து சூடேறிக் கச்சானாகி, முல்லைத்தீவில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. ஆகவே கரையோரத்தில் அலை அடங்கியிருக்கும், கரையில் நின்று இழுக்கும் கரைவலைத் தொழிலும் நடக்கும். மன்னாரை மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓகஸ்ட் 15ஆம் திகதி மடுத் திருவிழாவாகையால், அதை ஒட்டிய நாள்களில் வவுனியா – மன்னார் வீதியும் சனத்தால் நிறைந்திருக்கும் என்பதையும் அவரிடம் சொல்லலாம்.

ஆனால் காற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியவர் அம்மா. அவர் சொன்ன ஒரு வார்த்தையைத் தடையாகவும் கொள்ளாதீர்கள், "காலம் மாறிவிட்டது" என்று சமாதானம் சொல்லவும் முற்படாதீர்கள். முல்லைத்தீவுக் கரை முழுவதும் ஒரே இடமல்ல என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு, ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக நகருக்கு வந்து, அங்கிருந்து தெற்கே அளம்பில், செம்மலை, நாயாறு என்று திரும்பினால், இறுதிப் போரின் நினைவைச் சுமக்கும் வட்டுவாகல் பாலத்தையோ முள்ளிவாய்க்காலையோ கடக்க வேண்டிய தேவையே இல்லை. இந்தப் பாதையை அவரிடம் விளக்கிச் சொல்லி, வருகிறீர்களா என்று கேளுங்கள். ஒருவேளை, போவதானால் முதலில் முள்ளிவாய்க்காலில் ஒரு விளக்கு ஏற்ற வேண்டும் என்று அவரே சொல்லக்கூடும். அப்படியானால் அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். காலையில் அஞ்சலி, மதியம் விருந்து என்று ஒரே நாளில் இரண்டையும் கட்டுவது அவருக்கும் ஆகாது, எதுவும் அறியாமல் சிரித்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கும் ஆகாது. வீட்டிலேயே இருக்கிறேன் என்றால், யாராவது ஒருவர் அவரோடு நின்றுவிடுவதே முறை.

நாள் பார்ப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறி, 25 நாள் திருவிழா நடக்கும். அந்நாள்களில் உங்கள் வீட்டில் மரக்கறிதான் என்றால், கொடியேற்றத்துக்கு முன்னரே போய்வந்துவிடுங்கள். வெள்ளி பலருக்கு விரதம். கத்தோலிக்கக் கிராமங்களில் ஞாயிறு தொழிலுக்குப் போகமாட்டார்கள். எஞ்சுவது வார நடுப்பகுதி. புதனும் வியாழனுமாகப் போனால் மீனும் கிடைக்கும், தங்குமிடமும் சுலபமாக அமையும். பறுவத்தை, அதாவது முழுநிலவை, அண்டிய நாள்களைத் தவிர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. நிலவு காலத்தில் பிடிபடுவது குறைவு என்பதும், அப்போது நண்டில் சதை இராது என்பதும் கடற்கரையாரின் அனுபவம்.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். பட்டியல் எழுதிக்கொண்டு போய், பெரிய இறாலும் பாரையும் கணவாயும் இத்தனை கிலோ வேண்டும் என்று நிற்பவர்களுக்குத்தான் செலவு கைமீறும். அன்று கடல் எதைத் தருகிறதோ அதை வாங்குங்கள். வெயில் ஏறுமுன் கரைக்குப் போய்விட வேண்டும். கரைவலை இழுக்கும் இடமானால் முதலில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். ஆட்கள் கையால் இழுக்கும் வலையாக இருந்தால் பிள்ளைகளையும் கயிறு பிடிக்க விடுவார்கள், வின்ச் பூட்டிய உழவு இயந்திரம் இழுக்கும் இடத்தில் கயிற்றின் அருகே யாரையும் அண்ட விடாதீர்கள். வலையின் மடியில் கீரி, காரல், நெத்தலி என்று சின்ன மீன்களே பெரும்பாலும் விழும். ஏற்றுமதிக்காரர் தேடாத இவற்றில்தான் ருசி இருக்கிறது என்பது என் கட்சி. காரல் சொதிக்கு முன்னால் எந்தப் பெரிய மீனும் நிற்காது.

மீனின் செவுள் சிவந்திருக்கிறதா, கண் பிதுங்கி நிற்கிறதா என்று பார்ப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கணவாயை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள்: அப்போதுதான் ஏறியதென்றால், அதன் தோலிலுள்ள பழுப்புப் புள்ளிகள் இன்னும் விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். நண்டு உயிரோடு இருக்க வேண்டும். அடிப்புறத்து ஓட்டை விரலால் அமுக்கினால் உள்வாங்கக் கூடாது. அடிவயிற்றில் முட்டையோடு இருப்பதை வாங்காதீர்கள். சூரையையும் அறக்குளாவையும் வாங்கிய கையோடு ஐஸில் போடுங்கள், ஏனென்றால் வெயிலில் கிடந்த இவ்வகை மீன்களில் உண்டாகும் ஹிஸ்டமின் சமைத்தாலும் போகாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து உடம்பு கடிக்கத் தொடங்கும். மீனின் நிறைக்குச் சமமாக ஐஸ் போட்ட ஒரு ரெஜிபோம் பெட்டி வாகனத்தில் இருக்கட்டும். கடலாமை இறைச்சி என்று யாராவது இரகசியமாகச் சொன்னால் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்; அது சட்டப்படி குற்றம், நஞ்சாகி உயிரையும் எடுத்திருக்கிறது.

பத்துப் பேருக்கு ஒரே பானையில் முடிகிற விருந்து, காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ். கரையோரத்தில் ஒரு குடும்பத்தோடு பேசி, விறகுக்கும் உழைப்புக்கும் குறைவைக்காமல் கொடுத்து, அவர்கள் முற்றத்திலேயே அடுப்பு மூட்டுங்கள். உணவு விடுதியில் கொடுப்பதைவிடக் குறைவாகவே முடியும். ஒடியல் மாவை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவிட்டுக் கசப்பு நீரை வடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பிடி அரிசியோடு பலாக்கொட்டை, பயித்தங்காய், மரவள்ளி ஆகியவற்றை அவியவிட்டு, மீன் தலை, நண்டு, இறால் என்று போட்டு வெந்து வந்ததும், அரைத்த செத்தல் மிளகாயையும் பழப்புளியையும் மாவோடு கரைத்து ஊற்றித் துழாவி, கடைசியில் முருங்கையிலையைத் தூவி இறக்குவது வழக்கம். உறைப்பு அறியாத பிள்ளைகளுக்கு, மிளகாய் சேருமுன் வெந்த இறாலையும் மரவள்ளியையும் தனியே எடுத்து வையுங்கள். முள் அதிகமுள்ள மீனைக் கூழுக்குள் போடாமல் பொரித்துவிடுங்கள். ஜேர்மனியிலிருந்து வரும் பிள்ளைகள் நண்டும் இறாலும் முன்பு சாப்பிட்டிருக்கிறார்களா, ஒவ்வாமை உண்டா என்று அண்ணியிடம் முன்னரே கேட்டுவிடுவது அவசியம். கூழைப் பனையோலைப் பிளாவில் குடித்தால் கழுவும் வேலையும் மிச்சம்.

குளிப்பதைப் பற்றி ஒரே ஒரு கண்டிப்பு. கச்சான் கடலை நோக்கி வீசுவதால் கரையில் அலை இல்லாதது போலத் தோன்றும். ஆனால் காற்றடைத்த ரியூப்பையோ மெத்தையையோ அதே காற்று பிள்ளையோடு வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். அவற்றைக் கொண்டுபோகவே வேண்டாம். இந்தக் கரை சில இடங்களில் சட்டென்று ஆழமாகும்; எங்கே இறங்கலாம் என்று தொழிலாளர்களிடம் கேட்டு, இடுப்பளவு நீரோடு நிறுத்துங்கள். நாயாற்று முகத்துவாரத்தில் நீர் ஓடிக்கொண்டிருந்தால் அங்கே இறங்கவே கூடாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகையுள்ள பற்றைகளுக்குள், ஒதுங்குவதற்காகக்கூடப் போக வேண்டாம் என்று வெளியிலிருந்து வருபவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

அண்ணியின் கேள்விக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் தம் சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை மீனும் மீன் பொருள்களும் கொண்டுபோகலாம். இறைச்சிக்கும் பாலுக்கும்தான் தடை. ஆகவே கருவாடு போகும். கரையிலேயே வாங்குவதானால், வெறும் மணலில் பரப்பியதை விட்டு, பரணில் காய்ந்ததாகப் பார்த்து எடுங்கள். வளைத்தால் ஒடிகிற அளவுக்குக் காயாவிட்டால், வீட்டுக்குக் கொண்டுவந்து இன்னும் இரண்டு வெயில் காட்டி, தாளில் சுற்றி, அதன்மேல் இரண்டு பிளாஸ்டிக் பைகள் போட்டுக் கட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பெட்டியிலுள்ள உடுப்பெல்லாம் மணக்கும்.