பீப்பாய் பீர் வாங்கி விழிப்பவர்களுக்கு: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயில் ஊறிய ஸ்டவுட் (கறுத்த, கனமான பீர்), ஆல்கஹால் 13 சதவீதம். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்ததும் பாட்டிலோடு குடித்தேன். கசப்பும் எரிச்சலும்தான் மிச்சம். இதற்கா இவ்வளவு விலை?

பீர் மேல் தப்பில்லை. 4 டிகிரி குளிரில் வாசனை எழும்பாது. கசப்பும் ஆல்கஹாலின் காரமும் மட்டும் தூக்கலாகத் தெரியும். பாட்டில் வாயில் வைத்துக் குடித்தால் மூக்குக்கு வேலையே இல்லை. இந்த வகை பீருக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு வாசனைக்குத்தான்.

அடுத்த முறை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். 10 முதல் 13 டிகிரிக்கு வரட்டும். அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். டூலிப் கிளாஸ், பிராந்தி கிளாஸ், ஒயின் கிளாஸ் எதுவானாலும் சரி. கழுவிய சோப்பு வாடை அதில் இருக்கக் கூடாது. 100 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். முதலில் முகருங்கள். முதல் வாய் சின்னதாக இருக்கட்டும். அதில் ஆல்கஹாலின் சூடுதான் முந்தி வரும், அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். இரண்டாவது வாயை நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்கி, மூக்கு வழியே மூச்சை விடுங்கள். வெண்ணிலா, தேங்காய், கருகிய சர்க்கரை எல்லாம் அந்த மூச்சில்தான் வரும். கிளாஸில் கொஞ்சம் மிச்சம் வைத்து இருபது நிமிடம் கழித்துக் குடித்துப் பாருங்கள். சுவை நன்றாகவே மாறியிருக்கும்.

கேள்வி: ஐஸ் போடலாமா?

வேண்டாம்.

கேள்வி: 330 மில்லி சின்ன பாட்டில்தானே, ஒரு பீர் கணக்குத்தானே? நண்பர் இரண்டு குடித்துவிட்டு வண்டியை எடுக்கிறேன் என்கிறார்.

சாவியை முதலில் வாங்கி வையுங்கள். 5 சதவீத பீர் 330 மில்லியில் சுத்த ஆல்கஹால் 16.5 மில்லி. 13 சதவீதத்தில் அது கிட்டத்தட்ட 43 மில்லி. உங்கள் நண்பர் குடித்த இரண்டு பாட்டிலும் சாதாரண பீர் ஐந்துக்கு மேல். ஒரு பாட்டிலை இரண்டு மூன்று பேர் பகிர்ந்து குடிப்பதுதான் முறை. பாட்டிலில் சதவீதம் அச்சிட்டிருக்கிறது, அதைப் படிக்காமல் குடிப்பவர்களுக்கு நான் என்ன சொல்ல?

கேள்வி: லேபிளில் பெரிதாக 'ஓக்', பீப்பாய்ப் படம், இரண்டு மடங்கு விலை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ஓக் சில்லுகளுடன் பதப்படுத்தியது'. இது ஏமாற்றா?

ஏமாற்றுத்தான் என்பேன், சட்டப்படி அவர்கள் தப்பித்துக்கொண்டாலும். இதில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அமெரிக்கச் சட்டப்படி போர்பனை உட்புறம் கரித்த புதிய ஓக் மரக் கலனில்தான் வைக்க வேண்டும். அதே பீப்பாயை அடுத்த போர்பனுக்குப் பயன்படுத்த முடியாது. அப்படிக் கழிந்து வரும் சுமார் 200 லிட்டர் பீப்பாய்களைத்தான் பீர்க்காரர்கள் வாங்குகிறார்கள். மரத்துக்குள் ஊறிய போர்பன் பீரில் இறங்குகிறது. கரித்த மரம் வெண்ணிலா மணத்தையும் தேங்காய் மணத்தையும் தருகிறது. மரத்தின் வழியே மெல்ல நுழையும் காற்று ஸ்டவுட்டின் முரட்டுத்தனத்தைத் தணித்து, உலர்ந்த திராட்சை போன்ற சுவையைக் கொண்டுவருகிறது. இதற்கு ஆறு மாதம், ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். அத்தனை நாளும் இடம் அடைபடும், பீர் கொஞ்சம் ஆவியாகிப் போகும், கெட்டுப்போன பீப்பாயைக் கீழே கொட்ட வேண்டும். விலை ஏறுவது இதனால்தான், அது நியாயமான விலை.

சில்லு அப்படியில்லை. தொட்டியில் மரத்துண்டுகளைப் போட்டால் சில நாளிலோ சில வாரத்திலோ மரச்சுவை இறங்கிவிடும். அந்த மெதுவான மாற்றம் நடப்பதில்லை. அளவு மிஞ்சினால் அறுத்த பலகை வாடையும், விழுங்கிய பின் நாக்கை இழுக்கும் துவர்ப்பும் நிற்கும். சில்லு போட்டு நல்ல பீர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சில்லைப் போட்டுவிட்டுப் பீப்பாய்க்கு உரிய விலையைக் கேட்கிறவர்களோடுதான் சண்டை.

வாங்கும் முன் லேபிளில் மூன்று தகவல் தேடுங்கள்: எந்த மதுவின் பீப்பாய், எத்தனை மாதம், பாட்டிலில் அடைத்த தேதி. நேர்மையான தயாரிப்பாளர் இவற்றைப் பெருமையோடு போடுவார். 'ஓக் சுவை', 'பீப்பாய் பாணி' என்ற சொற்கள் மட்டும் இருந்தால் பாட்டிலை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: பீப்பாய் ஸ்டவுட் புளித்திருந்தது. 'அதன் ஸ்டைலே அதுதான்' என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்.

நீங்கள் சொல்வதுதான் சரி. புளிப்பு வேண்டுமென்றே செய்யும் பீர்கள் உண்டு; லாம்பிக், ஃபிளாண்டர்ஸ் சிவப்பு பீர் போன்றவை. அவற்றின் லேபிளே அதைச் சொல்லிவிடும். இனிப்பும் வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) சுவையும் இருக்க வேண்டிய ஸ்டவுட்டில் தயிர்ப் புளிப்போ காடி வாடையோ வந்தால் பாக்டீரியா புகுந்திருக்கிறது. மரத்தின் துளைகளை முழுக்கச் சுத்தம் செய்ய முடியாது. 13 சதவீத ஆல்கஹாலிலும் பிழைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள் உண்டு. சிகாகோவின் கூஸ் ஐலண்ட் நிறுவனத்தின் 2015 போர்பன் கவுண்டி பீர்களில் சிலவற்றில் இதுவே நடந்தது. அவர்கள் ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பித் தந்தார்கள், அடுத்த ஆண்டிலிருந்து பாஸ்டரைஸ் செய்யத் தொடங்கினார்கள்.

மிச்ச பீரை மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், கொட்டிவிடாதீர்கள். அடைத்த தேதி, பாட்டிலில் அச்சிட்ட தொகுதி எண், வாங்கிய ரசீது மூன்றையும் படம் எடுத்து நேரே தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். 'நன்றாக இல்லை' என்று எழுதினால் மதிக்க மாட்டார்கள். 'தயிர்ப் புளிப்பு, பீர் நீர்த்திருக்கிறது, திறந்ததும் நுரை பொங்கியது' என்று எழுதுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் அது கிருமி இல்லை. வெயிலிலோ சூட்டிலோ கிடந்து பழையதாகியிருக்கிறது. அப்போது கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: நுரையே இல்லை. செத்துப்போன பீரா?

மூடியைத் திறந்தபோது 'உஸ்' என்றதா? என்றால் சரிதான். இவ்வளவு ஆல்கஹாலில் நுரை நிற்காது, வாயுவும் குறைவாகவே இருக்கும். சத்தமே இல்லாமல், நாக்கில் பாகு போலக் கிடந்தால் மட்டும் புகார் செய்யுங்கள்.

கேள்வி: காபியும் வெண்ணிலாவும் சேர்த்த பீப்பாய் ஸ்டவுட், ஆறு வருடப் பழசு, மெழுகு முத்திரையோடு ஒருவர் மூன்று மடங்கு விலைக்குத் தருகிறார். பழசு என்றால் உசத்திதானே?

வாங்காதீர்கள். காபி மணம் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். நாளானால் பச்சை மிளகாய் வாடைகூட வரும். எதுவும் சேர்க்காத ஸ்டவுட்டோ பார்லி ஒயினோ (பெயர்தான் ஒயின், இதுவும் காட்டமான பீர்) என்றால் சில வருடம் தாங்கும், அதுவும் இருட்டில், 10 முதல் 13 டிகிரியில், நிமிர்த்தி வைத்திருந்தால். இவர் எங்கே வைத்திருந்தார் என்று கேட்டீர்களா? மெழுகைப் பார்த்து நானும் காசைக் கொட்டியிருக்கிறேன். சுரண்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது அதே சோடா மூடிதான்.

கேள்வி: பாட்டிலை அலமாரி மேல் படுக்க வைத்து இரண்டு கோடை கடந்துவிட்டது. இன்னும் எத்தனை வருடம் வைக்கலாம்?

இன்றைக்கே திறங்கள்.