கோபம் சரி, விலாசம் தப்பு

கேள்வி: தஞ்சாவூர் தளத்துச் சுகோய் விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் 1965 போரில் உயிர் விட்ட விமானி தேவய்யாவை நினைத்துக்கொள்வேன். அவருக்கு மகாவீர் சக்கர வீர விருது கிடைத்தது 1988-ல். எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வருவதைவிட மோசமான தாமதம்! 23 வருடம் டெல்லியில் ஃபைல் தூங்கியதா?
(வாசகர் ஒருவர், பேராவூரணி)

பதில்: தூங்குவதற்கு ஃபைலே இல்லை ஐயா, அதுதான் சங்கதி.

செப்டம்பர் 7, விடியற்காலை. பஞ்சாபின் ஆதம்பூரிலிருந்து நம் விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவைச் சேர்ந்த மிஸ்டேர் போர் விமானங்கள் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கக் கிளம்பின. மிஸ்டேருக்கு அது எட்டும் தூரத்தின் விளிம்பு. குண்டைப் போட்டோமா, திரும்பினோமா என்று இருக்க வேண்டும். வழியில் சண்டை பிடித்தால் வீடு வந்து சேர எரிபொருள் மிஞ்சாது.

ஸ்குவாட்ரன் லீடர் (அது பதவியின் பெயர்) தேவய்யா அன்று மாற்று ஆள்தான். நமக்குக் காவிரியைத் தரும் குடகில் பிறந்தவர், வயது 32. பல இளைஞர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த வாத்தியார். கிளம்ப வேண்டிய விமானம் ஒன்று கிளம்பாமல் போக, அந்த இடத்தில் இவர் போனார்.

துரத்தி வந்தது பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் போகிற அமெரிக்க விமானம். மிஸ்டேரோ மட்டமாகப் பறக்கும்போது ஒலியின் வேகத்தையே தொடாது. ஓடிப் பிழைக்க வழியில்லை. குண்டடி பட்ட விமானத்தோடு தேவய்யா திரும்பி நின்று சண்டை போட்டார். வேகத்துக்காகக் குட்டை இறக்கை வைத்துக் கட்டிய ஸ்டார்ஃபைட்டருக்குச் சட்டென்று வளைந்து திரும்ப வராது. அந்தப் பலவீனம்தான் அன்று அதை வீழ்த்தியது. அதன் விமானி அம்ஜத் ஹுசைன் குதித்துப் பிழைத்தார். தேவய்யா திரும்பவில்லை.

இதைப் பார்த்த கண் நம் பக்கம் ஒன்றுகூட இல்லை. மற்றவர்கள் தாழப் பறந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பதிவேட்டில் ஏறியது ஒரே சொல்: காணவில்லை.

1979-ல் ஓர் ஆங்கிலேயர், பாகிஸ்தான் விமானப்படை சொன்னதைக் கேட்டு அந்தப் போரைப் புத்தகமாக எழுதினார். அதில் இருந்தது இந்தச் சண்டை! அன்றைய தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய தனேஜா அதைப் படித்ததும், அந்த மிஸ்டேர் யாருடையது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். திரும்பாத விமானம் ஒன்றுதானே. விருதுக்காக மேலிடத்துக்கு எழுதினார். ஆக, நம் ஆளுக்குச் சாட்சி சொன்னது எதிரி முகாம்.

உங்கள் உவமையையே எடுத்துக்கொள்வோம். திறந்துவிட்டும் கடைமடைக்கு வந்து சேராத தண்ணீர் வேறு, மேட்டூரில் திறக்கவே படாத தண்ணீர் வேறு. முதல் 14 வருடம் இரண்டாவது ரகம். அதற்கு டெல்லியைத் திட்டிப் பயனில்லை. அப்புறம் புத்தகம் வந்தும் விருது வர 9 வருடம் ஆனதே, அதற்குத் தாராளமாகத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

உங்கள் தலைக்கு மேல் போகும் சுகோயில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். தேவய்யாவின் மிஸ்டேரில் ஒரே இருக்கை.